ஒட்டுப்பால் பெட்டியில் உறுமி இல்லை

பெட்டி வந்த அன்று நாற்றம் முதலில் அடித்தது என் வீட்டுக்காரிக்குத்தான். கூரியர் ஆள் வாசலில் வைத்துவிட்டுப் போன அட்டைப்பெட்டியைப் பெருமையாகத் தூக்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அவள் அடுப்படியிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தாள்.

"என்னாங்க செத்துக் கெடக்கு அதுக்குள்ள?"

"எங்க பழைய பேண்டு" என்றேன்.

நகைச்சுவை எடுபடவில்லை. ஐந்து நிமிடத்தில் பெட்டி மறுபடியும் வாசலுக்குப் போனது. பின்னாலேயே நானும் போனேன். கோல சிலாங்கூரில் அன்று காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் சீட்டின்மேல் பெட்டியை வைத்துப் பிரித்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணாடித்தாளில் சுற்றிய ஒரு துண்டு ஒட்டுப்பால். தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர் மரத்தில் பால் வடிந்து முடிந்த பிறகு வெட்டிய கோட்டில் ஒட்டிக் காய்ந்து கிடக்கும் மிச்சம் அது. மறுநாள் உரித்துச் சாக்கில் போடுவார்கள். அந்த நாற்றம் சட்டையில் ஏறினால் சட்டையைத்தான் தூக்கி எறிய வேண்டும். பெட்டியைத் தயாரித்த மேதைக்கு இதில் கலை தெரிந்திருக்கிறது. கண்ணாடித்தாள் வழியிலேயே கிழிந்துவிட்டது.

மேதையின் பெயர் ரெக்ஸ். வீட்டில் வைத்த பெயர் இராஜரத்தினம். எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதிய கிராணியாரின் மகன். முப்பது வருடங்களுக்கு முன் நாங்கள் நடத்திய 'தகர லோரி' என்ற ராக் இசைக்குழுவுக்கு அவன்தான் பாடகன், கிட்டார், தலைவன், பொருளாளர் எல்லாம். வெளிவராமல் கிடந்த எங்கள் ஒலிப்பதிவுகளைத் திரட்டி 'ஒட்டுப்பால்' என்று பெயர் வைத்து, குறுந்தட்டுகளும் ஒரு கையேடுமாக இப்போது வெளியிட்டிருக்கிறான். பெயர் மட்டும் நூற்றுக்கு நூறு பொருத்தம்.

நான் தொடர் எழுதும் இந்த வார இதழின் ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். விமர்சனம் எழுதித் தாருங்கள் என்றார். நானே அந்தக் குழுவில் இருந்தவன், நான் எழுதுவது முறையா என்று கேட்டேன். "அப்ப தொடர்லயே போட்டுருங்க" என்று போனை வைத்துவிட்டார். சென்ற வாரம் என் மோட்டார் களவு போய்த் திரும்பக் கிடைத்த கதையை எழுதியபோதுதான் ஒரு வாசகர், "இவருக்குத் திட்டத் தெரிந்த அளவுக்குப் பாராட்டத் தெரியாதா?" என்று கேட்டிருந்தார். ஐயா, இந்த வாரமும் என்னை மன்னிக்க வேண்டும்.

அண்ணியின் அழைப்பு

பெட்டி வந்த மறுநாள் செரண்டாவிலிருந்து லெட்சுமி அண்ணி கூப்பிட்டார். எங்களோடு உறுமி வாசித்த சன்னாசி அண்ணனின் மனைவி. அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது.

"தம்பி, ரெக்ஸு ஏதோ பெட்டி போட்டிருக்காராமே. எல்லாப் பதிவும் இருக்காம். இவரு வாசிச்சது அதுல இருக்கா?"

"கண்டிப்பா இருக்கும் அண்ணி. அவர் இல்லாம பேண்டு ஏது?"

"இல்ல, பேரப்பிள்ளைக்குக் காது குத்துறோம்ல. நீங்கதானே ஸ்பீக்கர் போடுறீங்க. மாமன் மடியில ஒக்கார வச்சுக் குத்துறப்ப அவரு உறுமி கேக்கணும். தாத்தா இருந்த மாதிரி இருக்கும். எந்தப் பாட்டுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

கோல சிலாங்கூர், ஈஜோக் வட்டாரத்தில் கல்யாணங்களுக்கும் கோயில்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது என் தொழில். பாட்டு போடுவது எனக்கு ஒரு வேலையா? சரி என்றேன்.

அண்ணி கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. தோட்டத்தை விட்டுப் போன பிறகு அண்ணன் செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். சேர்ந்த இரண்டாம் வருடமே மிஷினில் வலது கையின் இரண்டு விரல்கள் போயின. அதற்குப் பிறகு அவர் உறுமியைத் தொடவில்லை. கைப்பேசியில் படம் பிடிக்கும் காலம் வருவதற்கு வெகு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அவர் வாசிப்பு எங்காவது மிஞ்சியிருந்தால் அது எங்கள் கேசட்டுகளில்தான் இருக்க வேண்டும்.

கேட்டேன், கேட்டுத் தொலைத்தேன்

மூன்று நாள் உட்கார்ந்து நாற்பத்தேழு பதிவுகளையும் கேட்டேன். யாருக்கும் இந்தத் தண்டனை வேண்டாம்.

முதல் பதிவின் பெயர் 'விடியல்'. ரெக்ஸ் கிட்டார் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கிறான். சேரவில்லை. நாலு நிமிடம் கழித்து அவனே சலித்துப்போய் நிறுத்துகிறான். அதோடு பதிவு முடிகிறது. கையேட்டில் இதற்கு ஒரு பக்கம் விளக்கம் இருக்கிறது.

அடுத்த பதினொரு பதிவுகளும் ஒரே பாட்டு. தோட்டத்துப் பெண்ணை விட்டுவிட்டுக் கோலாலம்பூர் போகிறவனின் சோகம். எழுதியவனை அந்தக் காலத்தில் எந்தத் தோட்டத்துப் பெண்ணும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை என்பதற்கு நான் சாட்சி. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் உள்ள வித்தியாசம், நான்காவதில் ரெக்ஸ் இருமுகிறான். 'இருமல் வடிவம்' என்றே பெயர் போட்டிருக்கிறான். வெட்கம் கொஞ்சமாவது வேண்டாமா?

இருபதாவது பதிவில் ட்ரம்ஸ்காரர் பாட்டு முடிவதற்குள் தான் முடித்துவிடுகிறார். அவர் இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறார், அங்கேயே இருக்கட்டும். பேஸ் வாசித்தவர் போதகர் ஆகிவிட்டார். அவர் வாசிப்பைக் கேட்டால் ஏன் மனந்திரும்பினார் என்று விளங்கும்.

கையேட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் சேரும். பக்கத்துக்குப் பக்கம் ரெக்ஸ். ரெக்ஸ் கிட்டாரோடு, ரெக்ஸ் கறுப்புக் கண்ணாடியோடு, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகள் ஏற்றிய லோரிமேல் ரெக்ஸ். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் மற்றவர்கள் பெயர். அதில் 'சன்னாசி, கூடுதல் தாளம்' என்றிருந்தது. கூடுதல் தாளமாம்!

இவ்வளவையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது ஒரே காரணத்துக்காகத்தான். உறுமி எங்கே? ஒரு பதிவில்கூட இல்லை. இரைச்சல் கிடையாது, மழை கிடையாது, ஒரு குருவிச் சத்தம்கூடக் கிடையாது. ரெக்ஸ் கணினியில் போட்டுத் துடைத்து வழித்திருக்கிறான். 'தூய ஒலி' என்று பெட்டிமேல் பெருமையாக அச்சடித்தும் இருக்கிறான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உறுமியின் இடது பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அப்போது எழும் அந்த முனகல்தான் உறுமிக்கு உயிர். கணினிக்கு அது இரைச்சலாகத்தான் தெரியும். கணினிக்குத் தெரியாது, சரி. ரெக்ஸுக்குமா தெரியாது? அன்றைக்கே ஒரு விமர்சனத்தை எழுதி முடித்தேன். தலைப்பு 'சன்னாசியைத் துடைத்த துடைப்பம்'. அச்சுக்கு அனுப்பவேண்டியதுதான் பாக்கி.

தூரம்தான் மிக்ஸர்

அந்த விமர்சனத்தில் எங்கள் ஒலிப்பதிவு முறையைப் பற்றிப் பெருமையாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் இருந்தது ரெக்ஸ் வீட்டு கேசட் ரெக்கார்டர் ஒன்று, மைக் ஒன்று. இடம், தோட்டத்தில் பாழடைந்து கிடந்த பழைய ரப்பர் பால் ஸ்டோர். ஆசிட் வாடை போகாத சிமெண்டுத் தரை, வாசலுக்கு வெளியே லோங்காங், அதாவது சாக்கடை. ஞாயிற்றுக்கிழமை, பாலுக்கு மரம் வெட்டப் போனவர்கள் திரும்பிக் குளித்துச் சாப்பிட்ட பிறகு கூடுவோம். நடுவில் ஒரு நாற்காலி, அதன்மேல் மைக்.

ஒரே மைக்கில் நாலைந்து வாத்தியத்தை எப்படி அளவாகப் பிடிப்பது? ஆளை நகர்த்தித்தான். பாடுகிறவன் மைக்குக்கு ஒரு அடி. கிட்டார் மூன்று அடி. ட்ரம்ஸ் சுவரோரம். அந்தந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு எழுத்து எழுதி வைப்பேன். ஒரு பாட்டைப் பதிந்து, போட்டுக் கேட்டு, வட்டத்தை அழித்துத் தள்ளிப் போடுவேன். குழுவில் எனக்கு வாத்தியம் கிடையாது, அந்தச் சாக்பீஸ்தான் என் வாத்தியம். யார் எவ்வளவு கேட்க வேண்டும் என்பது என் கையில் இருந்தது. பத்தொன்பது வயதில் அது சின்ன அதிகாரமா?

ட்ரம்ஸ் வாங்க வசதி வரும்வரை சன்னாசி அண்ணனின் உறுமிதான் எங்களுக்குத் தாளம். அந்த நாள் கேசட்டுகளின்மேலேயே பிறகு புதுப் பாட்டுகளைப் பதிந்துவிட்டோம். அவருக்கும் ஒரு வட்டம் இருந்தது.

செகிஞ்சான் விருந்து

ஒருமுறை செகிஞ்சானில் சீனக் கோயில் விழா. அரிசி ஆலை முதலாளியான சீனத் தவுக்கே ஒருவருக்குக் கிராணியாரைப் பழக்கம், அதனால் எங்களுக்கு அழைப்பு. மத்தியான விருந்து. சுற்றிலும் பச்சை வயல், மேசை மேசையாக மீன் வறுவல். அப்போதுதான் ட்ரம்ஸ் வாங்கியிருந்தோம். ரெக்ஸ் அன்றைக்கென்று தோல் கோட்டு போட்டு வந்திருந்தான். அந்த வெயிலில் தோல் கோட்டு!

இரண்டாவது பாட்டில் கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டி புகைந்து அணைந்தது. சனங்கள் சிரித்தார்கள். சன்னாசி அண்ணன் மட்டும் நிறுத்தவில்லை. உறுமி தனியாக முனகிக்கொண்டே போனது. ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த சிங்க நடனப் பையன்கள் கையைத் துடைத்துக்கொண்டு தங்கள் பெரிய முரசிடம் ஓடினார்கள். அரை மணி நேரம் உறுமியும் முரசும். மேசைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். தவுக்கே வந்து அண்ணன் தோளைத் தட்டிவிட்டு, உடைந்த மலாய் மொழியில் எங்களைக் காட்டி, "இவங்க யாரு, உன் உதவியாளுங்களா?" என்று கேட்டார்.

நாங்கள் போய் லோரியில் உட்கார்ந்துகொண்டோம். ரெக்ஸ் கோட்டைக் கழற்றவேயில்லை. வரும் வழியில் அண்ணன் மட்டும், "நல்லா இருந்துச்சு லா இன்னிக்கு" என்று இரண்டு தடவை சொன்னார்.

இன்றைக்கு ரவாங்கிலும் செரண்டாவிலும் தெருவுக்கு ஓர் உறுமிக் குழு. பையன்கள் சட்டையில் பெயர் அச்சடித்துக்கொண்டு மார் தட்டுகிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அது வெட்கம். வெள்ளைக்காரன் மாதிரி வாசிக்க வந்தவர்கள் நாங்கள். எங்கள் நடுவில் கோயில் மேளமா? செகிஞ்சானுக்குப் பிறகு அண்ணனின் வட்டம் கொஞ்சம் பின்னால் போனதாக ஞாபகம். அப்படித்தான் அந்த விமர்சனத்தில் எழுதினேன். 'போனது' என்று. வட்டத்துக்குக் கால் முளைத்த மாதிரி.

ரவாங்

துடைக்காத கேசட் கைக்கு வந்தால் உறுமியை நானே பிரித்து எடுத்துவிடலாம் என்று ரவாங்குக்குப் போனேன். ரெக்ஸ் அங்கே வீடமைப்புப் பகுதி ஒன்றில் இருக்கிறான். கார் நிறுத்தும் இடத்தை அடைத்து ஸ்டூடியோ என்கிறான். முட்டை அட்டை ஒட்டிய சுவரில் அவனுடைய படம் மட்டும் நாலு.

"வா மச்சான். பாக்ஸ் எப்படி? டிசைன் பாத்தியா? ஒட்டுப்பால் ஐடியா சூப்பர்ல?"

"நாறுது."

"அதான் மச்சான் கான்செப்டே."

இவனிடம் என்ன பேசுவது? சன்னாசி அண்ணன் எங்கே என்று நேரடியாகக் கேட்டேன். ஒரு மனுசனைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளியிருக்கிறாயே, அண்ணிக்கு என்ன பதில் சொல்வேன் என்று சத்தம் போட்டேன். கூடுதல் தாளம் என்று எழுத உனக்குக் கை கூசவில்லையா என்றும் கேட்டேன். ரெக்ஸ் கொஞ்ச நேரம் கிட்டார் கம்பியைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"சேகர், விட்டுரு லா."

"கேசட்ட எடு."

"வேணாண்டா."

"எடுடா!"

எடுத்தான். துடைக்காத பதிவைப் போட்டான். முதலில் இரைச்சல். தகரக் கூரையில் தூறல். நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு ஒரு குரல், மெல்லிய, அவசரமான, எல்லாம் தெரிந்தவன் குரல்.

"அண்ணே, இன்னும் பின்னால."

"இங்க நிக்கட்டுமா?" இது சன்னாசி அண்ணன்.

"இன்னும்."

"இங்க?"

"இன்னும்ணே. வாசலுக்கு வெளிய போயிருங்க. லோங்காங் ஓரமா நில்லுங்க. உறுமி கேட்டா நம்மள எவனும் சாவு வீட்டுக் கோஷ்டின்னு நெனச்சிருவான்."

சிரிப்பு. எல்லாரும் சிரிக்கிறோம். செருப்புச் சத்தம் தூரப் போகிறது. "சரி தம்பி, இங்கேருந்து வாசிக்கிறேன்" என்று வெளியிலிருந்து அண்ணன் கத்துகிறார்.

ரெக்ஸ் என்னைப் பார்க்கவில்லை. "கிளீன் பண்றப்ப கேட்டேன். ஒன் வாய்ஸ். வெளிய போனா ஒனக்கு அசிங்கம்னுதான் அந்தப் பேச்சையே வெட்டிட்டேன்" என்றான்.

வாழ்நாளில் இவன் செய்த ஒரே அடக்கமான காரியம் இதுதான், அதையும் எனக்காகச் செய்திருக்கிறான். பையில் என் விமர்சனம் நாலாக மடித்துக் கிடந்தது.

பாட்டு தொடங்கியது. அதே கோலாலம்பூர் சோகம். உறுமி கேட்கவே இல்லை. பாட்டு முடிந்தது. ரெக்ஸ் நிறுத்தப் போனான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியில் உறுமி ஓடிக்கொண்டிருந்தது. லோங்காங் ஓரத்தில் நின்றவருக்கு உள்ளே பாட்டு முடிந்தது தெரியவில்லை. தூறலில், தன்னந்தனியாக, தாளம் ஒரு இம்மி பிசகாமல் வாசித்துக்கொண்டே இருக்கிறார். யாரோ போய்ச் சொல்லும்வரை. நாங்கள் இத்தனை பேர் கூடி வாசித்து, முப்பது வருடம் கழித்துப் பொறுக்கி எடுத்த இந்தக் குப்பையில் இசை என்று சொல்லத்தக்கது அந்த அரை நிமிடம்தான்.

கேசட்டுக் கேசட்டாகப் போட்டோம். எல்லாப் பாட்டின் வாலிலும் அவர் இருந்தார். சிலதில் பத்து விநாடி, சிலதில் ஒரு நிமிடம். அந்த வால்களைத்தான் ரெக்ஸ் வெற்று ஒலி என்று நறுக்கியிருந்தான். சாயங்காலம்வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்தோம். ஆறு நிமிடம் தேறியது.

"ஒன் வாய்ஸ கட் பண்ணிரலாம் மச்சான். உறுமி மட்டும் குடு" என்றான் ரெக்ஸ்.

வெட்டலாம்தான். இரண்டு விநாடி வேலை, என் தொழிலே அது. ஆனால் அதை வெட்டினால் அண்ணனின் பேச்சும் போகும். அவர் குரல் இருந்த ஒரே இடம் அதுதான். என் குரலைக் கேட்காமல் அவர் கேட்ட கேள்வியைக் கேட்க முடியாது. அப்படியே முதலில் வைத்தேன்.

செரண்டா

காது குத்துக்கு நாலு நாள் முன்னால் செரண்டாவுக்குப் போனேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் அண்ணியின் மகள் வீடு. பசியாறச் சொன்னார்கள், ஆகிவிட்டது என்று பொய் சொன்னேன். அண்ணி நெற்றியைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்தார், படம் பிடிக்கப்போகிற மாதிரி. கைப்பேசியை அவர் மடியில் வைத்துத் தொடங்கினேன்.

"இங்க நிக்கட்டுமா?"

அண்ணியின் கை சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தது. உறுமி வந்தபோது முகம் கொஞ்சம் தளர்ந்தது. ஆறு நிமிடமும் அசையாமல் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உறுமி இருக்கட்டும். மொதல்ல பேசினாரே, அத இன்னொரு வாட்டி போடுங்க."

போட்டேன். மறுபடியும் என்றார். மறுபடியும். கல்யாணத்துக்கு முன்னால் இப்படித்தான் பேசுவார், பிறகு குரல் கரகரத்துப்போனது என்று சொன்னார். ஒவ்வொரு தடவை அவர் கேட்கும்போதும், இன்னும் இன்னும் என்று அந்த எல்லாம் தெரிந்தவன் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். ஐந்தாவது தடவை அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த வெரட்டுற ஆளு யாரு தம்பி? ரெக்ஸா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ரெக்ஸ் ரவாங்கில் இருக்கிறான். கேட்டால்கூட மறுக்கமாட்டான். இந்தத் தொடரில் வாரா வாரம் ஊரைத் திட்டிச் சம்பாதித்த பெயரோடு நான் அன்றே வீட்டுக்குத் திரும்பியிருப்பேன்.

"நான்தான் அண்ணி."

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, கைப்பேசியில் விரலை வைத்து, அவரே முதலிலிருந்து போட்டார்.

"இங்க நிக்கட்டுமா?" என்று கேட்டார் சன்னாசி அண்ணன்.